கட்டுப்பாட்டுக் குழுவில் மாற்றமில்லை

மனிதனை அடிப்பதற்கென்று இந்த நாட்டில் பல இடங்கள் இருக்கின்றன. எங்கே அடித்தாலும் ஏதோ ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அறிவியல் வளர்ச்சிக்காக ஒருவன் பன்னிரண்டு வாரம் அடி வாங்கினான் என்றால் அது புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் நடந்தது. வாங்கியவன் அன்னவாசல் நாகராசு.

நாகராசு வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஆடுவான். முப்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிய கால்கள். அவன் பந்தோடு வந்தால் எதிரணிக்காரர்கள் குறுக்கே வருவதற்கு முன் ஒருமுறை வீட்டை நினைத்துக்கொள்வார்கள். திருச்சியில் ஒரு பெரிய கிளப் மாதச் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுக்கிறது என்று அவனுக்குச் சேதி வந்திருந்தது. வயது வரம்பு இருபத்து மூன்று. நாகராசுக்கும் இருபத்து மூன்றுதான், ஆவணியில் இருபத்து நான்கு. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். முதல் சோதனையே கூம்புகளை நட்டுவைத்து அவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடுவது. பதினாறு வினாடிக்குள் ஓடி முடிப்பவனுக்குத்தான் அடுத்த சோதனை. நாகராசுக்குப் பதினெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆகும். நேராக ஓடினால் அவனைப் பிடிக்க ஆளில்லை. திரும்புகிற இடத்தில்தான் நேரம் போய்விடும்.

அந்த இரண்டு வினாடியை அவன் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் முனைவர் குழந்தைசாமியின் வீட்டில் கேஸ் தீர்ந்தது.

குழந்தைசாமி உயர் உடற்கல்வி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். அன்னவாசலில் சொந்த வீடு, இரண்டாவது மாடியில் குடியிருந்தார். சிலிண்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்த நாகராசின் காலைச் சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல காலு தம்பி. பந்து ஆடுவீங்களா?"

"ஆடுவேனுங்க சார்."

"அப்ப நம்ம நிலையத்துக்கு வாங்க. சுறுசுறுப்பு பத்தி ஒரு ஆராய்ச்சி நடத்துறோம். முடிச்சா சான்றிதழ் உண்டு. உங்க நேரத்தை வினாடி சுத்தமாப் போட்டுத் தருவோம். எந்த கிளப்பா இருந்தாலும் அதப் பாத்தா எந்திரிச்சு நிப்பான்."

பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தமிழில்தான் போடுவார், முழுப் பெயரையும் போடுவார். ஒவ்வொரு எழுத்தையும் சுழித்துச் சுழித்து அவர் எழுதி முடிக்கும்வரை நாகராசு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான்.

நிலையம் ஊருக்கு வெளியே தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது. வாசலில் துணிப் பதாகை: அமெச்சூர் கால்பந்து வீரர்களின் சுறுசுறுப்பை மேம்படுத்தும் பயிற்சி முறைகள், ஓர் ஒப்பீட்டு ஆய்வு. நாகராசு 'மேம்படுத்தும்' என்ற இடத்தில் நின்றுவிட்டான். 'ஒப்பீட்டு' என்ற சொல்லை எல்லாரையும் போலத் தாண்டிப் போனான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு இயக்குநர் ஒன்று போர்த்தினார். மாவட்டம் முழுவதிலுமிருந்து வந்திருந்த முப்பத்து மூன்று ஆட்டக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். குழந்தைசாமி பேசினார்.

"அன்பார்ந்த வீரர்களே. சுறுசுறுப்பு என்றால் என்ன? திடீரென்று திசை மாறும் திறன். நான் இந்தத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட ஓடியதில்லை. ஓடுகிறவனுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? மூச்சு வாங்கத்தான் தெரியும். உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும். உங்கள் உடம்பை எங்களிடம் ஒப்படையுங்கள். உண்மையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

கைதட்டல் அடங்கியதும் ஆய்வாளர் அரவிந்த்குமார் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். முனைவர் பட்டம் வாங்கினால் பதவி உயர்வு என்பதால் கண்ணில் ஒரு பசி இருந்தது. முதலில் முன்தேர்வு எடுத்தார்கள். கூம்புகளுக்கு நடுவே ஓடிய நாகராசுக்குப் பதினேழு புள்ளி ஒன்பது வினாடி. பிறகு டப்பாவில் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னார்கள். கீரனூர் சேரனுக்கு 'ஏணி' என்று வந்தது. ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் பலருக்குத் 'துள்ளல்'. நாகராசின் சீட்டில் 'கட்டுப்பாடு' என்று இருந்தது.

"கட்டுப்பாட்டுக் குழுன்னா என்ன செய்யணுங்க சார்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது" என்றார் அரவிந்த்குமார். "பன்னெண்டு வாரத்துக்கு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, பந்தத் தொடக்கூடாது. நீங்க அப்படியே மாறாம இருந்தாத்தான் மத்தவங்க மாறுனது தெரியும்."

"நான் மாறத்தானுங்களே வந்தேன்."

"தம்பி, இந்த ஆராய்ச்சியில ரொம்ப முக்கியமான ஆளே நீங்கதான்."

நாகராசை முக்கியமான ஆள் என்று இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கேஸ் வர ஒருநாள் தாமதமானால் மட்டும் சிலர் அவனை நினைப்பார்கள். தவிர, சான்றிதழ் எல்லாக் குழுவுக்கும் உண்டு என்றார்கள். சரி என்று தலையாட்டினான். ஒப்புதல் படிவம் அச்சகத்திலிருந்து இன்னும் வரவில்லை, அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

இதோடு போயிருந்தால் பன்னிரண்டு வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருப்பான். அரவிந்த்குமார் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த குறிப்பை அலுவலகம் தமிழில் சுற்றறிக்கையாக்கியதில் வந்தது வினை. 'கட்டுப்பாட்டுக் குழுவினர் எவ்விதப் பயிற்சியும் மேற்கொள்ளாவண்ணம் கட்டுப்பாட்டில் வைக்கப்பட வேண்டும். மீறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.' இயக்குநர் சுழித்துச் சுழித்துக் கையெழுத்திட்டார். சுற்றறிக்கை நிலையத்தின் காவலர் ஞானமணியின் கைக்குப் போனது.

ஞானமணி இருபது வருஷம் மாணவர் விடுதியில் காவலராக இருந்தவர். அவருடைய ஊரில் கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம்தான். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனைக் கோயில் முன்னால் உட்கார வைப்பார்கள், அப்புறம் நடப்பது நடக்கும். பதினொரு பேர் ஏதோ மீறிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். 'தக்க நடவடிக்கை' என்பதற்கு மட்டும் இயக்குநரிடம் விளக்கம் கேட்டார். உங்கள் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன் என்றார் இயக்குநர். ஞானமணியின் அனுபவம் ஐந்தடி நீள மூங்கில் தடியாக மூலையில் சாத்தியிருந்தது.

வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கிலிருந்து ஆறு வரை பயிற்சி. மற்ற இரண்டு குழுக்களும் மைதானத்தில் இருக்க, கட்டுப்பாட்டுக் குழு வேப்பமரத்தடிச் சிமெண்டு மேடையில் வரிசையாக உட்கார வேண்டும். முதல் நாள் ஒருவன் கொசு கடித்ததென்று காலை உதறினான். தடி அவன் கெண்டைக்காலில் இறங்கியது.

"எதுக்குங்க அடிக்கிறீங்க?"

"கால ஆட்டுன. அது பயிற்சி."

மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்தது. நாகராசு வேண்டாம் என்றுதான் நினைத்தான். கால் கேட்கவில்லை, தானாக நீண்டு பந்தை நிறுத்தியது. முழங்காலுக்குக் கீழே நான்கு அடி விழுந்தது. தோல் கிழிந்து செம்மண்ணில் ரத்தம் சொட்டியது. ஞானமணி அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து இயக்குநரின் அறைக்குப் போனார்கள். நாகராசு காலைக் காட்டினான். குழந்தைசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காயத்தைப் பார்த்தார்.

"இதுல ஆய்வுக்கு ஏதாச்சும் பாதிப்பு உண்டான்னுதான் பாக்குறேன். அடிங்கிறது பயிற்சியாகாது தம்பி. பயிற்சின்னா கால அட்டவணை இருக்கணும். உங்கள அட்டவணைப்படியா அடிக்கிறாங்க?"

"இல்லைங்க சார். எப்பத் தோணுதோ அப்ப."

"பாத்தீங்களா. ஆகவே ஆய்வுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. நிம்மதியாப் போங்க."

ஏணிக் குழுவின் கதை வேறு. அரவிந்த்குமார் கேட்டிருந்தது தரையில் விரித்துக் கட்டங்களுக்குள் கால்வைத்து ஓடுகிற நாடா ஏணி. கொள்முதல் பிரிவு வாங்கிவைத்திருந்தது பதினாறு அடி அலுமினிய ஏணி. தணிக்கையும் முடிந்துவிட்டது. தணிக்கை முடிந்த பொருளைத் தப்பு என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அதிகாரமில்லை. அதனால் ஏணியைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாத்திப் பதினொரு பேரையும் விசில் ஊத ஊத ஏறி இறங்கச் சொன்னார்கள்.

சேரன் மட்டும் துணிந்து சொன்னான். "சார், இதத் தரையில போட்டு ஓடுறதுங்க. போன்ல பாத்திருக்கோம்."

"ஏணின்னா ஏறணும்" என்றார் குழந்தைசாமி. "படுக்கப் போட அது என்ன பாயா?"

முதல் வாரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். இரண்டாவது வாரம் மேலிருந்து ஒருவன் விழ, அவன் கீழே இருந்த மூன்று பேரை வாரிக்கொண்டு வந்தான். இரண்டு பல், ஒரு மணிக்கட்டு, சேரனின் காரை எலும்பு. வலியில் கத்திக்கொண்டிருந்த சேரனின் காதருகே குனிந்து அரவிந்த்குமார் இறங்கிய நேரம் எவ்வளவு என்று சொன்னார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக இறங்கியதில்லை.

துள்ளல் குழுவுக்குப் பெட்டி மேல் ஏறிக் குதிக்க வேண்டும். பழைய விடைத்தாள் இரும்புப் பெட்டிகளைப் போட்டிருந்தார்கள். துருப்பிடித்த விளிம்புகள் முழங்காலெலும்பைச் சீவின. வாரத்துக்கு ஒரு பெட்டி உடைந்து, குதித்தவனின் கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஜெகதாப்பட்டினத்துக்காரன் ஒருவன் கட்டுப் போட்ட காலோடு கட்டுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கடலுக்குப் போனா அங்கிட்டு நேவிக்காரன் புடிச்சுக்கிறான். ரெண்டு மாசம் தடைக்காலம், கரையில பத்திரமா இருப்போம்னு இங்கிட்டு வந்தேன்" என்றான்.

விழுந்தவர்கள் பெயருக்கு எதிரே 'இயற்கையான விலகல்' என்று எழுதினார்கள். குழந்தைசாமி இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்தவன் சுறுசுறுப்பில்லாதவன், அவன் போய்விட்டான். விழாதவன் சுறுசுறுப்பானவன், அவன் இருக்கிறான். ஆகவே இருப்பவர்கள் எல்லாரும் சுறுசுறுப்பானவர்கள். ஆகவே பயிற்சி வெற்றி.

நாகராசு விதிகளை வெளியிலும் விடாமல் கடைப்பிடித்தான். ஓடிப் பிடிக்க வேண்டிய பஸ்ஸை விட்டான். அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் துரத்தியபோது மற்றவர்கள் எல்லாரும் ஓட, இவன் மட்டும் நடந்தான். நாய்க்கே கொஞ்சம் குழப்பம்தான், ஆனாலும் கடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து காட்டியபோது, இதுதான் விஞ்ஞான மனப்பான்மை என்று இயக்குநர் மற்ற பத்துப் பேருக்கும் அவனை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

வீட்டில் அக்கா பரிமளாதான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். முதுகில் தடித்திருந்த கோடுகளைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது.

"அடி வாங்குறதுக்கு ஏன்டா பஸ் ஏறிப் போற? இந்த ஊர்ல ஆளா இல்ல?"

"சான்றிதழ்க்கா. நேரம் போட்டுத் தருவாக."

"பயிற்சியே குடுக்கலைங்கிற, நேரம் மட்டும் எப்புடிடா கொறையும்?"

நாகராசு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். ஆனால் நேரம் குறைந்துகொண்டுதான் இருந்தது, அவனுக்கே தெரியாமல்.

நான்காவது வாரத்தில் ஞானமணியின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே தடி எந்தப் பக்கம் வரும் என்று மேடையில் இருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் தடி கீழே வருவதற்குள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்துவிடுவார்கள். நகர்ந்ததற்கு இன்னொரு அடி, அதற்கும் நகர்ந்துவிடுவார்கள். எட்டாவது வாரத்தில் ஞானமணி வேர்த்து விறுவிறுத்து அரவிந்த்குமாரிடம் போய் நின்றார்.

"சார், பயலுக மேல அடியே விழ மாட்டேங்குது. எனக்குத் தோள்பட்டை போச்சு."

அரவிந்த்குமார் இரவுக் காவலர்கள் இருவரையும் தடியோடு துணைக்கு அனுப்பினார். மூன்று பக்கமிருந்தும் தடி வந்தது. பதினொரு பேரும் மூன்று பக்கமும் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். நாகராசு எல்லாருக்கும் மேலே போனான். இடது பக்கம் சாய்வதாகக் காட்டி வலது பக்கம் போனான். ஒருமுறை காவலர் ஒருவரின் தடி அவனை விட்டுவிட்டு ஞானமணியின் மூக்கில் விழுந்தது. பன்னிரண்டாவது வாரம் ஞானமணி மூக்கில் பிளாஸ்திரியோடு, தடியைத் தொடாமல், மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப்பாடு முழுமையாக நிலைநாட்டப்பட்டது என்று நோட்டில் பதிவாயிற்று.

பின்தேர்வு ஒரு சனிக்கிழமை. திருச்சித் தேர்வு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுப்பாட்டுக் குழுவில் முதலில் நாகராசைக் கூப்பிட்டார்கள். விசில் ஊதியதும் கிளம்பினான். ஒவ்வொரு கூம்பும் அவனுக்கு ஞானமணியாகத் தெரிந்தது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அரவிந்த்குமார் கடிகாரத்தை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து புள்ளி ஒன்று.

நாகராசு அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பன்னிரண்டு வாரம் வாங்கிய அடியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாளைக்கு அந்தத் தாளைத் திருச்சியில் நீட்டினால் போதும்.

ஐந்து நிமிஷத்தில் அவனை இயக்குநரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசை மேல் நீல அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த ஆய்வேடு இருந்தது. பைண்டிங் போன மாதமே முடிந்துவிட்டது. குழந்தைசாமி நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினார். "கட்டுப்பாட்டுக் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை." மூடிவிட்டு நாகராசை வருத்தத்தோடு பார்த்தார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"சார், நோட்டுல பதினேழு ஒன்பதுன்னு எழுதிட்டா முடிஞ்சது" என்றார் அரவிந்த்குமார் மெல்ல.

குழந்தைசாமி எழுந்தே நின்றுவிட்டார். "அரவிந்த்குமார், என்ன சொன்னீர்கள்? முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒரு எண்ணைக்கூடத் திருத்தியவன் அல்லன். தரவு புனிதமானது. அதில் கை வைப்பவன் அறிவியலின் எதிரி. நான் இருக்கும்வரை இந்த நிலையத்தில் தரவைத் திருத்த விடமாட்டேன்." மூச்சு வாங்கிவிட்டு நாகராசைப் பார்த்தார். "பையனைத் திருத்துங்கள்."

மெதுவாக ஓடச் சொல்லலாமே என்று அரவிந்த்குமார் இன்னொரு யோசனை சொன்னார். அதுவும் ஏமாற்றுத்தான் என்றார் இயக்குநர். ஓடுகிறவன் முழு முயற்சியோடு ஓட வேண்டும், அதே பழைய நேரமும் வர வேண்டும், அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

மைதானத்தில் ஞானமணி தடியோடு காத்திருந்தார். முதல் அடிக்கு நாகராசு விலகினான். இரண்டாவதுக்கும் விலகினான். மூன்று காவலர்களும் அவனைக் கூம்புகளுக்கு நடுவே துரத்தினார்கள். கட்டுப் போட்ட ஏணிக் குழுவும் துள்ளல் குழுவும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தன. பத்து நிமிஷம் ஆகியும் ஒரு அடி விழவில்லை. தொட்டிச் சுவரில் மோதி ஒரு காவலரின் நெற்றி உடைந்தது. அப்போது குழந்தைசாமி கையில் ஒரு தாளோடு வந்தார்.

"எல்லாரும் நிறுத்துங்க. தம்பி, ஒப்புதல் படிவம் வந்திருச்சு. கையெழுத்துப் போட்டாத்தான் சான்றிதழ் தர முடியும். வாங்க."

நாகராசு நின்றான். ஆபீஸ் தாளில் கையெழுத்துக் கேட்டால் நிற்காத ஆள் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பேனாவை வாங்கிக் குனிந்தான். 'இந்த ஆய்வில் நான் மனமுவந்து பங்கேற்றேன்' என்று அச்சடித்திருந்தது. நாகரா என்று எழுதி, கடைசி எழுத்துக்கு வருவதற்குள் வலது முழங்காலின் பக்கவாட்டில் தடி இறங்கியது. பேனா தாளின் அடிவரைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

தூக்கி நிறுத்தி ஓடவிட்டார்கள். பதினாறு புள்ளி இரண்டு. இன்னும் பத்தாது என்றார் இயக்குநர். அதே இடத்தில் இரண்டாவது அடி. பதினேழு புள்ளி ஒன்று. இன்னும் கொஞ்சம் வேண்டும். இந்தத் தடவை ஞானமணி மூக்கை நினைத்துக்கொண்டு அடித்துவிட்டார், எலும்புச் சத்தம் சுவரோரம் வரைக்கும் கேட்டது. பத்தொன்பது புள்ளி நான்கு.

"என்ன அடிச்சீங்க நீங்க?" என்று குழந்தைசாமி சீறினார். "ஆராய்ச்சின்னா ஒரு துல்லியம் வேணாமா?"

நாகராசுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். கால்மணி நேரம் நிழலில் உட்கார வைத்தார்கள். சேரன் ஒற்றைக் கையால் அவன் முழங்காலைத் தேய்த்துவிட்டான். "மெதுவாப் போடா, போதும்டா" என்று அவன் சொன்னது நாகராசின் காதில் ஏறவில்லை. எந்த நேரம் வருகிறதோ அதுதான் தாளில் வரும், நாளைக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் தலைக்குள் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடினான்.

பதினேழு புள்ளி ஒன்பது.

அரவிந்த்குமார் கண்கலங்கி இயக்குநரின் காலில் விழுந்தார். கட்டுப்பாட்டுக் குழுவின் மற்ற பத்துப் பேரும் யாரும் சொல்லாமலேயே கூம்புகளுக்கு நடுவே கைகட்டிக்கொண்டு நடந்து முடித்தார்கள். அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை நாகராசு முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முந்தின நாள் வாங்கிய சான்றிதழோடு கீரனூர் வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறினான். அங்கேயும் அதே கூம்புகள். பதினெட்டே முக்கால் வினாடி ஆயிற்று. கடிகாரம் வைத்திருந்த பயிற்சியாளர் நல்ல மனிதர். கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, முன்னால் எடுத்த அளவு ஏதாவது இருந்தால் காட்டச் சொன்னார். நாகராசு சான்றிதழை நீட்டினான். அவர் இரண்டு தடவை படித்தார்.

"தம்பி, கால் வலிக்குன்னு சொன்னா நான் இன்னொரு நாள் குடுத்திருப்பேன். ஆனா பன்னெண்டு வாரமா ஒங்ககிட்ட ஒரு மாற்றமும் இல்லைன்னு ஆராய்ச்சி நிலையமே எழுதிக் குடுத்திருக்கே. நான் என்னப்பா பண்ணுவேன்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் நாகராசு அழுதான். பக்கத்து ஸீட்டுக்காரர் யாரும் தவறிட்டாங்களா தம்பி என்று கேட்டார். ஆமாங்க என்றான்.

அடுத்த மாதம் அரவிந்த்குமாருக்கு வாய்மொழித் தேர்வு. பொதுமக்களும் வந்து கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் வந்து கேள்வி கேட்டதாக இதுவரை சரித்திரம் இல்லை, மிக்ஸரும் காபியும் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். நாகராசு நொண்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வெளியூர்த் தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, கட்டுப்பாட்டுக் குழுவை இவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்த ஆய்வைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கேள்வி உண்டா என்று சபையைப் பார்த்துக் கேட்டார். நாகராசு எழுந்தான்.

"அய்யா, எனக்குப் பதினைஞ்சு ஒண்ணுலதான் வந்துச்சு. தடியால அடிச்சு அடிச்சுத்தான் வேகம் வந்துச்சு. அப்பறம் காலுல அடிச்சு அதைக் கொறைச்சாங்க. அதை ஏன் புத்தகத்துல எழுதலைங்க?"

அரங்கத்தில் மிக்ஸர் மெல்லும் சத்தம் நின்றது. அரவிந்த்குமாருக்கு வேர்த்தது. தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அருமையான கருத்து. தடியால் அடித்தால் சுறுசுறுப்பு கூடுகிறது, அதே தடியால் குறைக்கவும் முடிகிறது. உலகத்தில் யாரும் இதைத் தொடவில்லை. வருங்கால ஆய்வுகளுக்கான பரிந்துரையில் இதை அவசியம் சேருங்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். அரவிந்த்குமார் அன்று முதல் முனைவர் ஆனார். பைண்டிங் ஆன ஆய்வேட்டின் கடைசியில் ஒப்புதல் படிவத்தையும் ஒட்டியிருந்தார்கள். 'நாகரா' என்ற கையெழுத்துக்குக் கீழே ஒரு நீண்ட கோடு இருந்தது. தேர்வாளர் அதைக் கிராமத்துக் கலைநயம் என்று பாராட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் குழந்தைசாமியின் வீட்டில் மறுபடி கேஸ் தீர்ந்தது.

நாகராசு நிறை சிலிண்டரை ஏற்றி வைப்பதற்குள் நான்கு இடத்தில் நின்றான். காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றபோது, இயக்குநர் நிலையத்துக்குக் கிளம்பிப் பத்துப் படி கீழே இறங்கியிருந்தார். பில்லை அவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். அவர் அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்து எழுத்து எழுத்தாகச் சுழிக்க ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்.

"தம்பி, நல்ல சேதி. நீங்க சொன்ன தடி முறைக்கு அனுமதி வந்திருச்சு. மாவட்டம் பூராவும் நூறு பேர். ஞானமணிதான் தலைமைப் பயிற்சியாளர். ஏற்கெனவே அடிபட்ட காலுல எப்படி வேலை செய்யுதுன்னும் பாக்கணும். மொத ஆளா உங்க பேரத்தான் போட்டிருக்கேன். திங்கக்கெழம வந்துருங்க."

நாகராசின் வலது முழங்கால் அப்போது மடங்கியது. மடங்கியதா, அவன் மடக்கினானா என்பதை அளக்கக் கருவி ஏதும் இல்லை. பதினைந்து கிலோ இரும்பு தோளிலிருந்து நழுவிப் படியில் இடித்தது.

குழந்தைசாமி நிமிர்ந்து பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஓடினார். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் போனார். சிலிண்டரும் சுவரில் மோதித் திரும்பி அவர் பின்னால் வந்தது. மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டினார், சுவரில் உரசி முழங்கை கிழிந்தது, கண்ணாடி ஒரு பக்கம் போயிற்று, செருப்பு ஒரு பக்கம் போயிற்று. கீழே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குதித்துச் செம்பருத்திச் செடிக்குள் விழுந்தார். சிலிண்டர் வாசல்படியை உடைத்துக்கொண்டு வந்து அவர் முழங்காலில் ஒரு இடி இடித்துவிட்டு அடங்கியது.

நாகராசு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். வழியில் கிடந்த பில்லை எடுத்துப் பார்த்தான். 'குழந்தை' என்பதோடு கையெழுத்து நின்றிருந்தது. அதற்குக் கீழே தாளின் ஓரம்வரை ஒரு கோடு. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

செடிக்குள் கிடந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நாகராசு குனிந்து சிலிண்டரைத் தூக்கி மறுபடி தோளில் வைத்தான்.

"நல்லாத் திரும்புறீங்க சார். குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்குங்க" என்றான். "ஆனா முன்தேர்வு எடுக்க மறந்துட்டேன். ஒருதரம் மேல ஏறுறீங்களா?"